காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது எப்படி, அதன் பிறகு என்ன நடக்கும்: தமிழ்நாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தவரிடம் "கேஸ் போட்டாங்களா?" என்று கேட்டால், "ஆமாம், ரசீது கொடுத்தாங்க" என்பார். அந்த ரசீதைப் பார்த்தால் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். என்று போட்டிருக்கும். அதாவது வழக்கு இன்னும் பதிவாகவில்லை, மனு வாங்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் ஏராளம். வழக்கு நடக்கிறது என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கும்போது சிசிடிவி பதிவு அழிந்துபோகும், சாட்சி ஊர் மாறிப்போவார்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். என்பார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரி மனுக்களில் 154, 420, 506 என்றெல்லாம் பிரிவு எண்கள் இருக்கும். இன்றைய புகாருக்கு அவை பொருந்தாது. நீங்கள் பிரிவு எண் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. நடந்ததைச் சொல்வது உங்கள் வேலை, பிரிவு போடுவது அவர்கள் வேலை.

ஆபத்து இப்போதே இருந்தால்

புகார் எழுத உட்காராதீர்கள். 100 அல்லது 112-ஐ அழையுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. வங்கிக் கணக்கிலிருந்து ஆன்லைனில் பணம் போயிருந்தால் முதலில் 1930. அந்த அழைப்பில்தான் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லி வங்கிக்குத் தகவல் போகும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படும் முன் அது நடக்க வேண்டும். நிலையத்துக்குப் போவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படிக் காயம் ஏற்பட்டது, யார் அடித்தார்கள், எதனால் அடித்தார்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். "ஏ.ஆர். காப்பி" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கூச்சப்பட்டு "கீழே விழுந்துவிட்டேன்" என்று சொன்னால் அதுவும் அப்படியே பதிவாகி, பின்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் போய்ச் சேரும்.

எந்த நிலையம்?

சம்பவம் நடந்த இடம் எந்த நிலையத்தின் எல்லையில் வருகிறதோ அங்கே கொடுப்பது நடைமுறைக்கு வசதி. ஆனால் "இது எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை. பி.என்.எஸ்.எஸ். 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அவர்கள் பூஜ்ய எண்ணில் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். ரயில் பயணத்தில் நகை போய், ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது என்றால் இந்த வழி பெரிதும் உதவும்.

குடும்ப வன்முறை, வரதட்சணைக் கொடுமை, பாலியல் குற்றங்களுக்கு அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. சென்னை ஆயிரம் விளக்கில் 1992-இல் முதலாவது தொடங்கி, இன்று மாநிலம் முழுக்க இருக்கின்றன. பெரிய தொகை மோசடி, நிலப் பிரச்சினை என்றால் மாவட்டத்தில் எஸ்.பி. அலுவலகம் வழியாக மாவட்டக் குற்றப்பிரிவுக்கும், மாநகரங்களில் ஆணையர் அலுவலகம் வழியாக மத்தியக் குற்றப்பிரிவுக்கும் போகும். சீட்டு, டெபாசிட் என்று பலரிடம் வசூலித்து ஏமாற்றிய நிறுவனம் என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு.

ஆதார், ஓட்டுநர் உரிமம், சான்றிதழ் தொலைந்துவிட்டால் நிலையத்துக்கு அலையவே தேவையில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

புகாரை எழுதுவது

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். நீங்கள் எழுதும் ஒன்றிரண்டு பக்கம் அப்படியே முதல் தகவல் அறிக்கையோடு இணைக்கப்படும், நடுவர் நீதிமன்றத்துக்குப் போகும், குற்றப்பத்திரிகையில் ஆவணமாகும். ஆண்டுகள் கழித்து நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறும்போது உங்கள் முன்னால் நீட்டப்படுவதும் அதே காகிதம்தான்.

வெள்ளைத் தாள் போதும். முத்திரைத்தாள், கோர்ட் ஸ்டாம்ப், கட்டணம் எதுவும் இல்லை. அனுப்புநரில் உங்கள் பெயர், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி, கைபேசி எண். பெறுநரில் "காவல் ஆய்வாளர் அவர்கள்" என்று எழுதி, நிலையத்தின் பெயர். அதற்குப் பிறகு நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள்.

எது புகார், எது வெறும் மனக்குமுறல் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். மனை வாங்க முன்பணம் கொடுத்து ஏமாந்த ஒருவர் பொதுவாக இப்படி எழுதுவார்: "மேற்படி நபர் என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு பல மாதங்களாக இழுத்தடித்து ஏமாற்றி வருகிறார். மன உளைச்சலில் உள்ளேன். தக்க நடவடிக்கை எடுத்துப் பணத்தை மீட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இதைப் படிக்கும் அதிகாரி "இது கொடுக்கல் வாங்கல், சிவில் கோர்ட்டுக்குப் போங்க" என்று சொல்ல வழி திறந்தே இருக்கிறது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று தெரிய வேண்டும். அதே சம்பவத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"10.03.2025 அன்று மாலை சுமார் 5 மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்து, மேற்படி மனை தன் பெயரில் இருப்பதாகவும் வில்லங்கம் எதுவும் இல்லை என்றும் சொன்னார். அதை நம்பி, அன்றே என் வங்கிக் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு ரூ.3,00,000 அனுப்பினேன். அப்போது என் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரும் உடனிருந்தனர். 22.04.2025 அன்று நான் எடுத்த வில்லங்கச் சான்றில், அந்த மனையை அவர் 2021-ஆம் ஆண்டிலேயே வேறொருவருக்குக் கிரயம் செய்துவிட்டது தெரிந்தது. கேட்டபோது, இனி போன் செய்தால் கையை வெட்டிவிடுவேன் என்று மிரட்டினார்."

என்ன சொன்னார், அது பொய் என்று எப்படித் தெரிந்தது, அதை நம்பி நீங்கள் என்ன கொடுத்தீர்கள், யார் பார்த்தார்கள் என்ற நாலும் வந்துவிட்டன. இதை சிவில் விவகாரம் என்று ஒதுக்குவது எளிதல்ல.

மிரட்டல் வார்த்தைகளையும் வசவுகளையும், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், பேசியபடியே எழுதுங்கள். "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று எழுதினால் என்ன வார்த்தை என்பதுதான் நீதிமன்றத்தின் முதல் கேள்வியாக இருக்கும். திருட்டு என்றால் பொருளின் அடையாளமும் மதிப்பும் வேண்டும்: நகையின் எடை, வடிவம், கைபேசியின் ஐ.எம்.இ.ஐ. எண், வண்டியின் எஞ்சின், சேசிஸ் எண். பில் இருந்தால் நகல் வையுங்கள். 5,000 ரூபாய்க்குக் குறைவான மதிப்புள்ள பொருள் என்றால் புதிய சட்டத்தில் நடைமுறையே மாறக்கூடும், அதனால் மதிப்பை எழுதாமல் விடாதீர்கள்.

தாமதமாகப் போகிறீர்கள் என்றால் காரணத்தைப் புகாரிலேயே எழுதுங்கள். மருத்துவமனையில் இருந்தேன், பயந்திருந்தேன், ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கலாம் என்றார்கள், எதுவாக இருந்தாலும் உண்மையை எழுதுங்கள். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் போன துலியா காளி வழக்கில், கொலை நடந்து 20 மணி நேரத்துக்கும் மேல் கழித்துத் தகவல் கொடுத்தது, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாக ஒரு முக்கியக் காரணம் ஆனது. 1972-இல் வந்த அந்தத் தீர்ப்பை இன்றும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் எடுத்துப் படிக்கிறார்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அடித்தவர் ஒருவர் என்றால் ஒருவர் பெயரைத்தான் எழுத வேண்டும். கோபத்தில் அவருடைய அப்பா, அம்மா, தங்கை என்று வீட்டையே சேர்த்துவிட்டால், அந்த ஒரு பொய்யை வைத்து மொத்தப் புகாரையும் உடைப்பார்கள். அரசு ஊழியரிடம் வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுப்பது பி.என்.எஸ். 217-ஆவது பிரிவின்படி தனிக் குற்றமும் கூட.

எழுதி முடித்ததும் தேதி, கையெழுத்து போட்டு, எல்லாப் பக்கங்களையும் நகல் எடுங்கள். அசல் ஆவணங்களைப் புகாரோடு கொடுக்க வேண்டாம், நகல் போதும்.

நிலையத்துக்குள்

வாசலில் பாரா காவலர் இருப்பார், விஷயத்தைக் கேட்டு உள்ளே அனுப்புவார். ஆய்வாளர் இல்லையென்றால் உதவி ஆய்வாளரைப் பாருங்கள். அவரும் ரோந்தில் இருந்தால் அப்போது நிலையப் பொறுப்பில் இருப்பவர் யாரோ அவரிடம் கொடுக்கலாம். "ஐயா வரட்டும்" என்று நாள் முழுக்க உட்கார வைக்கச் சட்டம் சொல்லவில்லை.

எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லலாம். அவர்கள் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். படித்துக் காட்டும்போது நீங்கள் சொல்லாதது ஏதாவது இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம். ஆனால் 3 நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால்தான் அது பதிவில் ஏறும். பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் புகாரைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். குழந்தை என்றால் போக்சோ சட்டப்படி வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாத அதிகாரி எடுக்க வேண்டும். குழந்தையை இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

கூட ஒருவரை அழைத்துப் போங்கள். வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை, நிதானமாகப் பேசத் தெரிந்த உறவினர் போதும்.

சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா?

வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும். 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடும்பத் தகராறு, வணிகக் கொடுக்கல் வாங்கல், மருத்துவக் கவனக்குறைவு போன்ற சிலவற்றில் மட்டும் முதலில் சுருக்கமாக விசாரித்துப் பார்க்கலாம் என்றது. புதிய சட்டம் இன்னொன்றைச் சேர்த்திருக்கிறது: 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் முன் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் புகாருக்கு முதற்கட்ட விசாரணையே தேவையில்லை என்று அந்தச் சட்டத்தின் 18ஏ பிரிவு சொல்கிறது. அதைப் புலன் விசாரிப்பவரும் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும்.

லேசான காயம், அவதூறு போன்றவை வாரண்டு இல்லாமல் கைது செய்ய முடியாத வகை. நடுவர் உத்தரவு இல்லாமல் போலீஸ் அவற்றைப் புலனாய்வு செய்ய முடியாது. ஆனால் ஒரே சம்பவத்தில் இந்த வகைக் குற்றத்தோடு மற்ற வகைக் குற்றம் ஒன்று சேர்ந்திருந்தாலும் முழு வழக்கையும் விசாரிக்கலாம்.

நடைமுறையில் தமிழ்நாட்டில் பெரும்பாலான மனுக்கள் முதலில் சி.எஸ்.ஆர். பதிவேட்டில்தான் ஏறுகின்றன. அப்போது மனு ரசீது வாங்காமல் வரக் கூடாது. எண், தேதி, நிலைய முத்திரை மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து எதிர் மனுதாரரைக் கூப்பிட்டு இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். பக்கத்து வீட்டுச் சண்டை, குழாயடித் தகராறு போன்றவற்றுக்கு இது நல்ல முடிவுதான், நீதிமன்றம் வரை இழுக்க வேண்டியதில்லை. பெண்ணை அடித்தவர், நகையைப் பிடுங்கியவர், திட்டமிட்டு மோசடி செய்தவர் விஷயத்தில் இப்படிப் பேசி முடிப்பது நியாயமல்ல. அங்கே உங்களிடம் கேட்கப்படும் கையெழுத்தைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். "எதிர் மனுதாரர் மன்னிப்புக் கேட்டதால் மேல் நடவடிக்கை வேண்டாம்" என்ற ஒரு வரிக்குக் கீழே கையெழுத்து விழுந்தால் மனு முடிந்தது. பணத்துக்குத் தவணை சொன்னால், தொகையும் தேதியும் எழுத்தில் வரட்டும், தவறினால் வழக்குப் பதிய வேண்டும் என்ற வரியும் இருக்கட்டும். நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிதடி வழக்குகளில் எதிர்த்தரப்பும் மருத்துவமனையில் படுத்துக்கொண்டு உங்கள் மேல் புகார் கொடுப்பது சாதாரணம். இதைக் காட்டி "ரெண்டு பேர் மேலயும் கேஸ் வரும், பேசிக்கங்க" என்பார்கள். உங்கள் புகார் உண்மை என்றால் இதற்காகப் பின்வாங்க வேண்டாம். இரண்டு வழக்குகளையும் ஒரே அதிகாரி சேர்த்து விசாரித்து, யார் முதலில் தாக்கியவர் என்று கண்டறிய வேண்டும்.

பதிவு செய்ய மறுத்தால்

புகாரின் நகலோடு ஒரு முகப்புக் கடிதம் வைத்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கு. பி.என்.எஸ்.எஸ். 173(4) பிரிவு சொல்லும் வழி இது. நேரிலும் போய்ப் பார்க்கலாம். பல மாவட்டங்களில் புதன்கிழமைகளில் எஸ்.பி.யே மனு வாங்குகிறார். ஆனாலும் தபால் ரசீது உங்கள் கையில் இருப்பது முக்கியம்.

அதற்கும் பலன் இல்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் 175(3) பிரிவின் கீழ் மனு. நிலையத்துக்குக் கொடுத்ததற்கும் எஸ்.பி.க்கு அனுப்பியதற்கும் ஆதாரமும், பிரமாணப் பத்திரமும் வேண்டும். இவை இல்லாமல் போனால் மனு நிற்காது. நடுவர் போலீஸின் விளக்கத்தையும் பார்த்துவிட்டு, வழக்குப் பதிந்து விசாரிக்க உத்தரவிடலாம். நேராக உயர் நீதிமன்றம் போகலாமே என்று பலருக்குத் தோன்றும். நடுவரிடம் போகும் வழி இருக்கும்போது அதைத்தான் முதலில் நாட வேண்டும் என்று 2007-இல் சகிரி வாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு போன்ற குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கே பி.என்.எஸ். 199-ஆவது பிரிவின்படி குறைந்தது 6 மாதம் கடுங்காவல் தண்டனை உண்டு.

எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு

நகல் இலவசமாகத் தர வேண்டும். அச்சிட்ட எஃப்.ஐ.ஆரில் நகல் பெற்றுக்கொண்டதாகவும் ஒரு வரி இருக்கும், ஆகவே நகலைக் கையில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். குற்ற எண், சம்பவத் தேதி, நேரம், பிரிவுகள், களவுபோன பொருள்களின் விவரம் சரியா என்று அங்கேயே பாருங்கள். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள் தவிர, மற்றவற்றை காவல்துறை இணையதளத்திலும் பார்க்கலாம்.

எஃப்.ஐ.ஆர். நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். புலன் விசாரணை அதிகாரி இடத்துக்கு வந்து பார்வை மகஜரும் (இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன்னால் எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும் தயாரிப்பார். அவர் வரும்வரை உடைந்த பூட்டை மாற்றாதீர்கள், பீரோவைத் தொடாதீர்கள். 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் வந்து பார்க்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது. தெருமுனைக் கடையின் சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும், எந்தக் கடை என்று அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து உடனே எடுக்கச் சொல்லுங்கள். கைபேசியில் உள்ள குரல் பதிவு, வாட்ஸ்அப் செய்தி ஆதாரம் என்றால் அந்தக் கைபேசியையே பத்திரமாக வையுங்கள். அவற்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும்.

அடுத்து உங்களையும் சாட்சிகளையும் விசாரித்து வாக்குமூலம் எழுதுவார்கள். இதில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். பெண்கள், 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ளவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்களைச் சாட்சியாக விசாரிக்க நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது. வீட்டில் வந்துதான் கேட்க வேண்டும்.

"எஃப்.ஐ.ஆர். போட்டும் ஏன் கைது செய்யவில்லை?" என்று பலர் கொதிக்கிறார்கள். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள பெரும்பாலான வழக்குகளில் கைதுக்குத் தனிக் காரணம் வேண்டும். இல்லையென்றால் பி.என்.எஸ்.எஸ். 35(3) பிரிவின் கீழ் நோட்டீஸ் கொடுத்து வரவழைத்து விசாரிப்பார்கள். கைது நடக்காததால் வழக்கு செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 193-ஆவது பிரிவு சொல்கிறது. தகவல் வராவிட்டால் குற்ற எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பொருள் மீட்கப்பட்டால் நேராக உங்களுக்குத் தரமாட்டார்கள், நீதிமன்றத்தில் ஒப்படைப்பார்கள். வண்டியோ நகையோ வழக்கு முடியும்வரை அங்கே கிடக்க வேண்டியதில்லை, இடைக்காலமாகத் திரும்பப் பெற நடுவரிடம் மனு போடலாம். திருடுபோன வண்டி கிடைக்கவே இல்லை என்றால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கும்.

விசாரணை முடியும்போது

குற்றம் நடந்ததற்கு ஆதாரம் இருந்தால் குற்றப்பத்திரிகை தாக்கலாகும். இல்லையென்று அதிகாரி கருதினால் வழக்கை முடித்து உங்களுக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் அனுப்புவார். வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போகும் இந்தச் சிறு காகிதத்தைப் பலர் ஏதோ வழக்கமான தாள் என்று பீரோவில் வைத்துவிடுகிறார்கள். வழக்கை மூடுகிறோம் என்று சொல்வதே அந்தக் காகிதம்தான். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நடுவர் நீதிமன்றத்தில் ஆட்சேப மனு போட வேண்டும். புகார்தாரரைக் கேட்காமல் வழக்கை முடிக்கக் கூடாது என்று பகவந்த் சிங் வழக்கில் 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடுவர் மேல் விசாரணைக்கு உத்தரவிடலாம், அல்லது அந்த ஆவணங்களை வைத்தே வழக்கைக் கோப்பில் எடுக்கலாம்.

குற்றப்பத்திரிகை கோப்பில் ஏறினால் வழக்கை அரசுத் தரப்பு நடத்தும். பெரும்பாலும் புகார்தாரரே முதல் சாட்சி. சம்மன் வர ஆண்டுகள் ஆகலாம், அதற்குள் வீடு மாறினால் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சாட்சி சொல்லும் நாளுக்கு முன் அரசு உதவி வழக்கறிஞரைச் சந்தித்து, புகார் நகலை ஒரு முறை வாசித்துவிட்டுப் போங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள். வெளியூரிலிருந்து போனால் சாட்சிப் படி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு ஆட்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டாம் என்று மிரட்டினால் அதுவே புதிய குற்றம். அதற்குத் தனியாக ஒரு புகார் எழுதி, பழைய குற்ற எண்ணைக் குறிப்பிட்டு, அதே நிலையத்தில் கொடுங்கள்.